உழைப்பும் உடலும்: மலையகத் தோட்ட மருத்துவமும் கத்தோலிக்க சமூகப் போதனையும்

இலங்கையின் சுகாதார வரலாறு பெரும்பாலும் ஒரு வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1985ஆம் ஆண்டில் றொக்பெல்லர் மன்றம் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியொன்று, சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் சேர்த்து, குறைந்த செலவில் நிறைந்த சுகாதாரம் கண்ட பிரதேசங்களுள் ஒன்றாகப் போற்றிற்று. இதே மன்றம் 1916ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பணி தொடங்கியபோது அதன் கவனத்துக்கு முதன்மையாக இலக்கானோர், கொக்கிப்புழு நோயினால் இரத்தஞ் சுண்டிப்போயிருந்த தோட்டத் தொழிலாளராவர். இவ்விரண்டு ஆண்டுகளுக்குமிடையில் நாடு ஈட்டிய முன்னேற்றம் யாரை எந்த அளவிற் சென்றடைந்தது என்ற வினா அந்த வெற்றி வரலாற்றினுள் எழுப்பப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேராக இருக்க, தோட்டத்துறையில் அத்தொகை 32 ஆகும். ஒரே நாட்டில், ஒரே இலவச மருத்துவத்தின் கீழ், இவ்வேறுபாடு எவ்வாறு நிலைபெறுகின்றது?

மருத்துவ அறவியல் பற்றிப் பேசுவோர் வைத்தியர், நோயாளர் என்னும் இருவரை மாத்திரமே கண்முன் கொண்டு பேசுவர். மலையகத் தோட்டத்திலோ இவ்விருவருக்குமிடையில் மூன்றாமவர் ஒருவர் எப்போதும் நின்றுள்ளார். அவர் தோட்டத்தின் உடைமையாளர். வைத்தியருக்குச் சம்பளங் கொடுப்பவரும், நோயாளருக்குக் கூலி கொடுப்பவரும், இருவரும் வாழும் கூரைக்கு உரியவரும் அவரேயாவர். ஆகவே இங்கு மருத்துவ அறவியல் என்பது உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவிலிருந்து பிரித்தெடுக்க முடியாததாகின்றது. உழைப்பு உறவையும் உடல்நலத்தையும் ஒருங்குசேர்த்து நோக்க முயன்ற ஒழுக்கச் சிந்தனைகளுள் கத்தோலிக்க சமூகப் போதனை ஒன்றாகும். அச்சிந்தனை மலையகத்தில் எவ்வாறு பயன்பட்டது, எங்கே தயங்கி நின்றது, அதன் முன்னிலையில் இடதுசாரி இயக்கம் எவ்வாறு நடந்துகொண்டது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே எமது நோக்கமாகும். மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே இடத்தில் அதனைத் துன்பத்துக்கெதிரான எதிர்ப்பாகவுங் கண்டார் என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

1. தோட்ட மருத்துவத்தின் தோற்றம்

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்து வந்த தொழிலாளர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழிநெடுக மாண்டனர். அவ்விறப்புக்களின் நினைவு மலையக நாட்டார் பாடல்களில் ஆழப் பதிந்துள்ளது. அப்பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணி இவ்வகையில் இலக்கியப் பணி மாத்திரமன்று, வரலாற்றுப் பணியுமாகும்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை குறித்து 1872ஆம் ஆண்டில் முதலாவது சட்டம் இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், அதே ஆண்டில் வந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் அவ்வேற்பாட்டினை ஒழுங்குபடுத்தின. லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதார நிலையில் வைத்திருத்தல், கடும் நோயுற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போஷணையைக் கவனித்தல் என்பன தோட்டத்துரையின் கடமைகளாக்கப்பட்டன. காகிதத்திலே நோக்கும்போது இவை அக்காலத்துக்கு முற்போக்கான ஏற்பாடுகளே. ஆயினும் நடைமுறைப் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்பதே முக்கியமானது. தொழிலாளியின் நோயினால் நட்டமடைபவரும் அவரது சிகிச்சையினால் செலவுக்குள்ளாகுபவரும் ஒருவராகவே இருந்தார். ஒருநாள் உழைப்பின் இழப்பு, ஒருநாள் மருந்தின் விலையைக் காட்டிலும் மிகுமிடத்து மருந்து கிடைத்தது. குறையுமிடத்து அது கிடைப்பது அரிதாயிற்று. கைக்குழந்தை, முதியவர், நாட்பட்ட நோயாளர் ஆகியோர் இக்கணக்கில் எப்போதும் பின்தள்ளப்பட்டமை தற்செயலானதன்று.

கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இதற்கு நல்லதொரு சான்றாகும். அந்நோய் மலங்கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோல்வழியே உட்புகுவது. மலசலகூடமும் காலணியும் தூய நீரும் இருப்பின் அது தானே அடங்கும். ஆனால் அவை மூலதனச் செலவை வேண்டுவன. பேதி மருந்தோ மலிவானது. மருந்துண்டவர் அதே மண்ணில் மீண்டும் நடந்து மீண்டும் நோயுற்றனர். மருத்துவம் இங்கு தொழிலாளியைச் சுகதேகியாக்கும் முயற்சியாக அமைவதிலும் பார்க்க, உழைப்புச் சக்தியைப் பழுதுபார்க்கும் முயற்சியாகவே அமைந்தது எனலாம்.

2. உரோமாபுரியின் சுற்றுமடல்கள்

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு மே மாதத்தில் தொழிலாளர் நிலைபற்றிய சுற்றுமடலை வெளியிட்டபோது, மலையகத்தில் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. அம்மடலின் வர்க்க நிலைப்பாடு தெளிவானது. அது தனிச்சொத்துரிமையை இயற்கையுரிமையாகக் கொண்டது, சமதர்மத்தை நிராகரித்தது, ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கம் திருச்சபையின் கைக்கு அப்பாற் சென்றுவிட்டதைக் கண்டு அஞ்சிய ஓர் அமைப்பின் பதிலாகவும் அது அமைந்தது. எனினும் அதே மடல், தொழிலாளியின் சங்கஞ் சேரும் உரிமையையும் அவர் சிக்கனமாக வாழப் போதுமான ஊதியத்துக்கான உரிமையையும் ஏற்றுக்கொண்டது. கூலி என்பது இருசாரார் ஒப்புக்கொண்டதனால் மாத்திரம் நீதியானதாகிவிடாது என்ற கருத்து அதிலுண்டு. ஒப்பந்தத்தின் பின்னாலுள்ள நிர்ப்பந்தத்தைக் காணும் இக்கருத்து, நாம் பின்னர் நோக்கவுள்ள சிக்கலுக்கு இன்றியமையாதது.

1931இல் பதினோராம் பத்திநாதர், சிறிய சமூக அலகு ஒன்று தானே ஆற்றக்கூடியதைப் பெரிய அலகு பறித்துக்கொள்ளலாகாது என்னும் துணைமைக் கோட்பாட்டை வகுத்தார். 1963இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் மருத்துவ வசதியை மனித உரிமைகளுள் ஒன்றாக வெளிப்படையாகவே எண்ணினார். 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பு மூலதனத்துக்கு முந்தியது என்றும், தொழிலாளர்க்கு மருத்துவ உதவி எளிதாகவும் மலிவாகவும், இயலுமாயின் இலவசமாகவுங் கிடைத்தல் வேண்டும் என்றும் எழுதினார். சொத்துரிமையிலிருந்து தொடங்கிய சிந்தனை தொண்ணூறு ஆண்டுகளில் உழைப்பின் முதன்மைக்கு வந்துசேர்ந்தமை, உலகத் தொழிலாளர் போராட்டங்களும் மூன்றாம் உலக விடுதலை இயக்கங்களும் திருச்சபையின்மீது செலுத்திய அழுத்தத்தின் விளைவேயாகும்.

ஆனால் இம்மடல்கள் மலையகத்தை எட்டுவதற்கு நெடுங்காலஞ் சென்றது. 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்க்கு ஆகக்குறைந்த கூலியை நிர்ணயித்த சட்டம், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் பின் இந்திய அரசாங்கம் கொடுத்த அழுத்தத்தின் பேறாகும். 1931இல் ஹற்றனிலே தொழிற்சங்க இயக்கத்துக்கு வித்திட்ட கோ. நடேசய்யரும், 1940இல் முல்லோயாவிற் சுடப்பட்டு மாண்ட கோவிந்தனும் சுற்றுமடல்களினால் எழுச்சி பெற்றவர்களல்லர். தோட்ட எல்லைக்குள் வெளியார் எவரும் துரையின் தயவோடு மாத்திரமே நுழையக்கூடியதாயிருந்த காலத்தில், திருச்சபையும் அத்தயவில் தங்கியே இயங்கிற்று. தொழிலாளருட் பெரும்பான்மையோர் மாரியம்மனையும் மாடசாமியையும் வழிபட்ட சைவராகவும், கத்தோலிக்கர் சிறுபான்மையினராகவும் இருந்தமையும் இங்கு குறிப்பிடத்தக்கது.

3. எழுபதுகளின் சோதனை

இந்நிலையில் மாற்றம் எழுபதுகளின் தொடக்கத்தில் ஏற்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்விளைவுகளும், 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் கிளர்ச்சி நாட்டின் மனச்சாட்சியில் ஏற்படுத்திய அதிர்ச்சியும் இதற்குக் களம் அமைத்தன. 1971இல் அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய கொழும்பிற் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தைத் தொடங்கினார். 1972இல் இயேசு சபையைச் சேர்ந்த போல் கஸ்பேர்ஸ் கண்டியில் ‘சத்தியோதய’ என்னும் நிலையத்தை நிறுவினார். அதே ஆண்டில், கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணாயக்கார புதிதாக அமைந்த வறிய பதுளை மறைமாவட்டத்தின் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுச் சென்றார். 1974இல் பெருந்தோட்டப் பிரதேசங்களுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. சிங்களவரான கத்தோலிக்கக் குருமார் தமிழ்த் தொழிலாளரின் நிலையை நாட்டின் ஒழுக்கப் பிரச்சினையாக முன்வைத்தமை அக்கால இனவாதச் சூழலில் எளிதான செயலன்று.

அவர்கள் எதிர்கொண்ட முதற் சோதனை பட்டினியாகும். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறியபோது அரசாங்கம் பங்கீட்டு உணவைக் குறைத்தது. கிராமத்தவர்க்கு மரவள்ளி நடவேனும் ஒரு துண்டு நிலமிருந்தது. லயத்தில் வாழ்ந்தவர்க்கு அதுவும் இருக்கவில்லை. வேலை நாட்களுங் குறைந்தன. தோட்ட மாவட்டங்களில் இறப்பு விகிதம் சடுதியாக உயர்ந்தது. மலைநாட்டு நகரங்களின் தெருக்களிலே தோட்டக் குடும்பங்கள் கையேந்தி நின்றன. பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. 1974இல் இங்கிலாந்தின் ‘வோர் ஒன் வாண்ட்’ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை தேயிலைக் கோப்பையின் பின்னாலிருந்த இவ்வவலத்தை வெளிநாட்டார்க்குக் காட்டிற்று.

இவ்விடத்து நாம் எம்மை நோக்கியே சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர் அவர். அக்கட்சி 1964 யூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதே அரசாங்கம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. உடைமை மாறிற்று, லயம் மாறவில்லை, தோட்ட வைத்தியசாலை தேசிய சுகாதார சேவையின் அங்கமாகவும் ஆக்கப்படவில்லை. வாக்கற்ற தொழிலாளி இடதுசாரி இயக்கத்தின் தேர்தற் கணக்கிலிருந்து விலகியபோது அதன் பார்வையிலிருந்தும் விலகிவிட்டார் என்றே கூறவேண்டியுள்ளது. வர்க்கக் கோட்பாட்டினை முழுமையாகக் கொண்டிருந்தோர் மௌனித்திருந்த வேளையில், அக்கோட்பாட்டை ஏற்காத சில குருமார் தொழிலாளரின் பசியைப் பற்றிப் பேசினர். இதனை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

4. சம்மதம் என்னும் சிக்கல்

சமூகப் போதனையின் வலிமையும் வரையறையும் ஒருங்கே வெளிப்படும் இடம் கருத்தடைச் சத்திரசிகிச்சையாகும். 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் இச்சிகிச்சை செய்துகொள்வோர்க்குப் பணக் கொடுப்பனவு வழங்கலாயிற்று. தோட்டங்களில் இது நிர்வாகத்தின் ஊக்குவிப்போடு நடைபெற்றது. அடுத்துவந்த குடித்தொகை அளவீடுகள் நிரந்தரக் கருத்தடை தோட்டப் பெண்களிடையே நாட்டின் ஏனைய துறைகளிலும் பார்க்க மிகுந்திருந்ததைக் காட்டின. திரும்பப் பெறக்கூடிய ஏனைய முறைகளின் பயன்பாடு அவர்களிடையே குறைவாயிருந்தது. குடியுரிமை பறிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் கப்பலேற்றப்பட்டு, 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளில் வன்செயலுக்கும் ஆளான ஒரு மக்கட் கூட்டத்தினர், தமது எண்ணிக்கையைக் குறைக்கும் சூழ்ச்சியாக இதனைக் கருதியதில் வியப்பில்லை.

திருச்சபையின் நிலைப்பாடு 1968ஆம் ஆண்டில் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட சுற்றுமடலில் வகுக்கப்பட்டிருந்தது. அது செயற்கைக் கருத்தடை முறைகள் அனைத்தையும் விலக்கிற்று. இந்நிலைப்பாடு முறையைக் கண்டது, லயக்காம்பராவைக் காணவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை உறங்க, விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக்களத்துக்கு ஓடி, மாலைவரை மலையேறிக் கொழுந்தெடுத்து, இரத்தச்சோகையோடு மீண்டும் மீண்டும் கருவுறும் பெண்ணுக்கு, நாட்கணக்குப் பார்த்து விலகியிருக்குமாறு கூறுவது அவளது நிலையை அறியாத அறிவுரையாகும். பிள்ளைப்பேற்றை மட்டுப்படுத்தப் பல பெண்கள் தாமே விரும்பினர் என்பதும் மறுக்கத்தக்கதன்று. அவ்விருப்பத்தை மதியாத எந்த அறமும் அவர்களுக்கு உரியதாகாது.

ஆனால் குடும்பத் திட்டத்தை முன்னின்று நடத்தியோரின் நிலையும் இதற்குக் குறையாத குருட்டுத்தன்மை கொண்டது. படிவத்திற் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இருந்தால் சம்மதம் பெறப்பட்டதாக அவர்கள் கொண்டனர். அறுவைக்கு முன்வரும் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் தொகை அவளது பலநாட் கூலிக்கு ஈடானது. அவளை அழைத்துச் செல்பவர் தோட்டத்தின் ஊழியர். அவளுக்கு விடுமுறை தருபவர் தோட்டத்துரை. விளக்கஞ் சொல்லும் வைத்தியருக்கு அவளது மொழி பெரும்பாலுந் தெரியாது. இத்தகைய நிலையில் தரப்படுவதைச் சம்மதம் என்று எவ்வளவு தூரம் கூறலாம்?

ஒப்புக்கொண்டமையால் மாத்திரம் கூலி நீதியாகிவிடாது என்ற 1891ஆம் ஆண்டின் கருத்து இங்குதான் பயன்தருகின்றது. பசித்தவன் ஒப்புக்கொள்ளும் கூலி சுதந்திரமான ஒப்பந்தமன்று என்றால், பசித்தவள் ஒப்புக்கொள்ளும் அறுவையும் சுதந்திரமான சம்மதமன்று. பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்போர் பெற்றோரேயன்றி அரசாங்கமன்று என வத்திக்கான் சங்கம் 1965இல் வற்புறுத்தியமையும் இத்துடன் சேர்த்து நோக்கத்தக்கது. கருத்தடை பற்றிய மடலை முன்வைத்துப் பெண்ணைக் குற்றவாளியாக்குவதிலும் பார்க்க, ஊதியம் பற்றிய மடலை முன்வைத்து நிர்வாகத்தையும் அரசாங்கத்தையும் வினாவுவதே அப்போதனையின் தருக்கத்துக்குப் பொருந்துவது. தன் சமூகப் போதனையைத் தன் பாலொழுக்கப் போதனைக்கு மேலாக வைக்கத் திருச்சபை தயங்கிற்று. அத்தயக்கத்தின் விலையைக் கொடுத்தோர் பெண்களே.

5. துணைமைக் கோட்பாடும் தனியார் நிர்வாகமும்

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளர் நலனுக்கென ஒரு நம்பிக்கை நிதியமும் அமைக்கப்பட்டது. அதுவே பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்னும் பெயர் பெற்றது. தொண்ணூறுகள் முதல் சில தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்றது. ஏனையவை தோட்ட வைத்திய உதவியாளரின் கையிலேயே விடப்பட்டன. ஒரே மலையின் இருபுறத்திலும் இருவகைக் குடிமக்கள் இருவகை மருத்துவத்தைப் பெறும் நிலை தொடர்ந்தது.

உள்ளதை உள்ளூர் அமைப்பிடமே விடவேண்டும், அரசாங்கம் தலையிடலாகாது என்ற வாதத்துக்குத் துணைமைக் கோட்பாடு எளிதிற் கருவியாகலாம். இது அக்கோட்பாட்டைப் பிழையாகப் படிப்பதாகும். முதலாவதாக, கம்பனி என்பது மக்களின் சிறிய சமூக அலகன்று. அது மூலதனத்தின் அலகு. தோட்டத்தின் உண்மையான சமூக அலகுகள் லயத்துக் குடும்பங்களும், தலைவர், மாதர் சங்கங்களும், கோயிற் குழுக்களுமேயாகும். வைத்தியசாலையின் நிர்வாகத்தில் இவற்றுக்கு இடமளிக்கப்படவில்லை. இரண்டாவதாக, சிறிய அலகினால் இயலாததைப் பெரிய அலகு செய்தே தீரவேண்டும் என்பது அதே கோட்பாட்டின் மறுபாதி. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்ட நிலையில், குடிமகள் ஒருத்தியின் மகப்பேற்றை அவளுடைய முதலாளியின் பொறுப்பில் விடுவதற்கு அரசாங்கம் கூறக்கூடிய நியாயம் எதுவுமில்லை.

ஊதிய முறையையும் இங்கு சேர்த்தே நோக்குதல் வேண்டும். பல்லாண்டு காலம் தோட்டக் கூட்டொப்பந்தங்களில் அடிப்படைக் கூலியுடன் வரவுக் கொடுப்பனவும் இணைந்திருந்தது. மாதத்தில் குறித்த விகித நாட்கள் வேலைக்கு வந்தவர்க்கே அது உரியதாயிற்று. காய்ச்சலோடு மலையேறியவள் அதனைப் பெற்றாள். படுத்துக் குணமடைந்தவள் அன்றைய கூலியோடு அக்கொடுப்பனவையும் இழக்கும் நிலைக்கு ஆளானாள். நோய்க்குத் தண்டம் விதிக்கும் ஓர் ஊதிய முறையினுள் எத்தனை மருந்தகங்களைத் திறந்தாலும் மருத்துவ அறம் நிலைகொள்ளாது.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கத்தோலிக்க சமூகப் போதனை தோட்டத் தொழிலாளியை உழைப்புச் சக்தியாகவன்றி மனிதராகக் காண்பதற்கு வேண்டிய கருத்துக்களைக் கொண்டிருந்தது. எழுபதுகளில் அதன் சிறந்த பிரதிநிதிகள் அக்கருத்துக்களைச் செயலாக்க முயன்றனர். ஆயின் அது முதலாளியின் மனச்சாட்சியை விளித்ததேயன்றி, மனச்சாட்சிக்கும் இலாபத்துக்குமிடையே மோதல் நேருமிடத்து எது வெல்லும் என்ற வினாவுக்கு விடை கூறவில்லை. மாறாக, அவ்வினாவுக்கு விடை அறிந்திருந்த இடதுசாரி இயக்கம், லயத்தில் வாழ்ந்த மனிதரின் உடலையும் நோயையும் பேறுகாலத்தையும் தனக்குரிய பிரச்சினைகளாகக் கொள்ளத் தவறிற்று. ஒன்றிடம் மனிதர் பற்றிய அக்கறையும் மற்றதிடம் அமைப்புப் பற்றிய தெளிவும் இருந்தன. மலையக மக்களுக்கு இரண்டும் ஒருங்கே தேவைப்பட்டன.

ஆகவே தோட்ட மருத்துவத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோல், எத்தனை மருந்தகங்கள் திறக்கப்பட்டன என்பதன்று. நோயுற்ற தொழிலாளியின் பெயர் பிரட்டுக்களத்தில் வெட்டப்படாமல் இருக்கின்றதா, அவள் தன் நோயைத் தன் மொழியிற் கூற முடிகின்றதா, தன் உடலைப் பற்றிய முடிவைக் கூலியையும் கூரையையும் இழந்துவிடும் அச்சமின்றி எடுக்க முடிகின்றதா என்பனவே அவ்வளவுகோலாகும். கொழுந்துக் கூடையின் நிறையைத் துல்லியமாக நிறுக்கக் கற்றுக்கொண்ட ஒரு தொழிற்றுறை, அதனைச் சுமக்கும் முதுகின் நலனையும் கணக்கிற் கொள்ளுமாறு செய்வது குருமாரின் இரக்கத்தாலோ துரைமாரின் தயவாலோ நிறைவேறுவதன்று. அது தொழிலாளரின் ஒழுங்கமைந்த போராட்டத்தால் நிறைவேறுவது; அப்போராட்டத்தில் நேர்மையோடு துணைநிற்போர் எந்த வேதத்தை ஓதினும் அவரை நாம் தோழராகவே கொள்ளுதல் வேண்டும்.